அரளித் தொட்டியில் ஒன்பது பேர்

பல் மாஸ்டருக்குச் சொந்தப் பற்கள் இருபத்தொன்றுதான் மிச்சம். ஊருக்கெல்லாம் பல் செய்துகொடுக்கும் ஆளுக்கு இது ஒரு குறையில்லையா என்று யாராவது சீண்டினால், "முடி வெட்டறவர் தலையில முடி இருந்தே ஆகணும்னு சட்டமா?" என்பார்.

அவர் டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக அடுக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஈறு வார்த்து, தேய்த்து, மெருகேற்றி, சின்ன டப்பாவில் திருப்பி அனுப்புவது மாஸ்டரின் வேலை. வீட்டின் பின்னறைதான் பட்டறை. முப்பது வருஷமாக இதையே செய்கிறார். அவர் செய்த பல்லால் எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. சிரிப்பவர்களுக்கும் இவரைத் தெரியாது. கல்யாண வீடுகளில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் மாஸ்டர் நகைச்சுவையைக் கவனிப்பதில்லை, கீழ்வரிசையைக் கவனிப்பார்.

ஈறு வார்ப்பதற்கு ஒரு பொடியையும் ஒரு திரவத்தையும் கலந்து மாவுபோலப் பிசைய வேண்டும். திரவத்தின் வாடை மூக்கில் ஏறி உச்சந்தலையில் உட்காரும். அறைக்குள் வருபவர்கள் கண்ணைக் கசக்குவார்கள். மாஸ்டருக்கு அது வாடையாகத் தெரிவது நின்று பல வருஷம் ஆகிறது. விரல்நுனியைத் திரவத்தில் தோய்த்து மாவை நீவி வழவழப்பாக்குவது அவருடைய கைப்பழக்கம். அப்படிச் செய்யாதே என்று புட்டியின் மேலேயே கையுறை படம் போட்டிருக்கிறது. "கையுறை போட்டுக்கிட்டு ஈறு நீவறது, சட்டையோட குளிக்கற மாதிரி" என்று படத்துக்குப் பதில் சொல்லியிருந்தார்.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால் வலது ஆள்காட்டி விரலின் நுனி மரத்தது. நெடுநேரம் சம்மணம் போட்டு எழுந்தால் காலில் வருமே, அந்த மாதிரி. கால் என்றால் உதறினால் சரியாகும். விரல் சரியாகவில்லை. பிறகு நடுவிரல். பிறகு கட்டைவிரல். பிறகு இடது கையில் இரண்டு.

அவருடைய வேலையில் கடைசிக் கட்டம் விரல்நுனிக்கு உரியது. முடிந்த செட்டின் உள்பக்கத்தை மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முள் ஒன்றிரண்டு அதில் நிற்கும். விட்டுவிட்டால் போட்டுக்கொள்பவரின் ஈறு மூன்று நாளில் புண்ணாகிவிடும். விரல் கைவிட்ட பிறகு மாஸ்டர் ஒரு துளிப் பஞ்சை எடுத்து உள்பக்கம் முழுக்க ஓட்டத் தொடங்கினார். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே முள். வேடிக்கை என்னவென்றால், விரல் நன்றாக இருந்த காலத்தைவிட இப்போது புகார் குறைவு. பஞ்சுக்கு அலுப்பு கிடையாது; தடவும்போது வேறு யோசனையும் ஓடாது.

ஆகவே வேலை நடந்தது. ஆனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அச்சு அனுப்பும் டாக்டரம்மாவிடமிருந்து டப்பா வருவது நின்றுவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. விரல் செத்த பல் மாஸ்டரை வைத்துக்கொண்டு எந்த டாக்டர் என்ன செய்வார்? டப்பா நின்றால் காலையில் எழுந்து எந்த அறைக்குப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவியிடம் சொன்னால் அவரே டப்பாவை நிறுத்திவிடுவார். இதில் பயம் என்று பெரிதாக எதையும் அவர் உணரவில்லை. பயமும் அந்த விரல்கள் போன இடத்துக்கே போயிருக்கலாம்.

மனைவிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு டி.சி. எழுதுவார். வீட்டு மொட்டைமாடியில் அவருக்குப் பதினான்கு தொட்டிகள். மற்ற வீடுகளில் இலையில் ஓட்டை விழுந்தால் மருந்தடிப்பார்கள். இவருக்கு ஓட்டை விழாவிட்டால்தான் கவலை. ஆறு தொட்டிகளில் எலுமிச்சை, இரண்டில் அரளி, மீதியில் தேனுக்காகப் பூச்செடிகள். எல்லாம் பட்டாம்பூச்சிகளுக்கு. பூ வைத்தால் பட்டாம்பூச்சி வந்துபோகும், புழு தின்ன இலை வைத்தால்தான் குடியிருக்கும் என்பது அவர் கட்சி. முதல் எலுமிச்சைச் செடியை நான்கு வருஷத்துக்கு முன்னால் பழத்துக்காகத்தான் வாங்கினார்கள். இன்றுவரை அந்த வீட்டுக்கு எலுமிச்சம்பழம் கடையிலிருந்துதான் வருகிறது.

ஒரு தொட்டியில் இலை தீர்ந்தால் புழுக்களை அடுத்த தொட்டிக்கு மாற்ற வேண்டும். அந்த அம்மாளின் பேச்சில் அதற்குப் பெயர் டி.சி. கொடுப்பது. "மூணாம் தொட்டியில பதினோரு பேருக்கு இன்னிக்கு டி.சி. குடுத்தேன்" என்று சாப்பிடும்போது சொல்வார். மாஸ்டர் "ம்" என்பார். அவர்களுக்குள் சண்டை கிடையாது. போட வேண்டிய சண்டைகளையெல்லாம் முதல் பத்து வருஷத்திலேயே சிறப்பாகப் போட்டு முடித்திருந்தார்கள்.

அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று அந்த அம்மாள் பதினெட்டு நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. போகிற அன்று மாஸ்டரை மாடிக்கு அழைத்துப் போனார்.

"இங்க பாருங்க. எலுமிச்சையில முப்பத்தொரு பேர். அரளியில ஒன்பது பேர்."

"பேரா?"

"பின்ன? தின்னுட்டுத் தூங்கறாங்க. நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரிதானே?"

"நான் வேலையும் செய்யறேன்."

"அவங்களும் செய்வாங்க. கூட்டுக்குள்ள போய்." ஒரு சின்ன பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். "மாத்தறதா இருந்தா இதால மட்டும். அரளிப் பக்கம் போகவே போகாதீங்க. அதுல ஒடைச்சா வர்ற பால் விஷம். நீங்க பாட்டுக்குக் கையை வாயில வெச்சுடுவீங்க. அங்க இலை நிறைய இருக்கு, அவங்களே பாத்துப்பாங்க."

மாஸ்டர் அரளியை விட்டுவிட்டார். எலுமிச்சையில் பிரஷ்ஷை விட்டுவிட்டார்.

முதல் நாள் அது தற்செயலாகத்தான் நடந்தது. பச்சைப்புழு ஒன்று மொட்டைக் கிளையில் தலையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடிக்கொண்டிருந்தது. பிரஷ் கீழே பட்டறையில் கிடந்தது. மாஸ்டர் விரலை நீட்டினார். புழு ஏறியது. முன்னால் மூன்று ஜோடி நறுக்குக் கால், பின்னால் ஐந்து ஜோடி சதைக்கால். காம்பைப் பிடிப்பதுபோல விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. நடுக்கணுவில் கூசியது. அவருக்குச் சட்டென்று முகம் மாறியது. கூச்சம் என்றால் என்ன என்பதே ஏறக்குறைய மறந்துபோயிருந்தது. புழு நுனியை நோக்கி நகர்ந்தது, நகர்ந்தது, பிறகு காணாமல் போனது. கண்ணை மூடினால் புழு இல்லை. திறந்தால் இருக்கிறது.

மறுநாள் முதல் இது தினசரி வழக்கமாயிற்று. பதினொன்றரை மணி வாக்கில் மாவு பிசைந்து அச்சில் அமுக்கி, திருகி இறுக்கி, வெந்நீரில் போட்டுவிட்டால் ஒன்றரை மணி நேரம் அவருக்கு வேலை இல்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போவார். ஒரு புழுவை எடுத்து ஒரு விரலில் விடுவார். கண்ணை மூடிக்கொள்வார். எந்த இடத்தில் அது மறைகிறது என்று பார்ப்பார். பிறகு அடுத்த விரல், அடுத்த புழு. இதை வைத்தியம் என்று சொல்ல முடியாது. நரம்பு டாக்டரிடம் போனால் ஏதோ நூலால் குத்தி இதையேதான் பார்ப்பார். ஆனால் டாக்டர் வெளியே சொல்லிவிடுவார், புழு சொல்லாது.

தொந்தரவு செய்தால் இந்த வகைப் புழு தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக இரண்டு கொம்பை நீட்டும். கூடவே ஒரு நாற்றமும் வரும், எதிரியை விரட்ட. நாற்றம் மாஸ்டருக்குத் தெரியாது. கொம்பு மட்டும் தெரிந்தது. அவர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

நான்காம் நாள் இரண்டு புழுக்கள் இலையில் தளர்ந்து தொங்கின. தொட்டால் கொம்பு வரவில்லை. ஐந்தாம் நாள் நான்கு. அவை ஈரத்துணி போல் மடங்கி, கறுத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டி மண்ணில் விழுந்தன.

"எப்படி இருக்காங்க எல்லாரும்?" என்றார் மனைவி போனில்.

"நல்லா இருக்காங்க."

"முப்பத்தொண்ணும் இருக்கா?"

"எங்க போகும்?"

முப்பது வருஷத்தில் மாஸ்டர் சொன்ன பொய், பல்லின் நிறம் அப்படியே ஒத்துப்போகிறது என்பது ஒன்றுதான். அதை டாக்டர்களும் நம்புவது இல்லை. இந்தப் பொய்யை மனைவி உடனே நம்பிவிட்டார். அது அவருக்கு ஒரு சின்ன ஆச்சரியம்.

பத்தாம் நாள் பன்னிரண்டு மிச்சம். மாஸ்டர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து துக்கம் வருமென்று காத்திருந்தார். பொதுவாக இப்படிப்பட்ட சமயங்களில் வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வரவில்லை. மிச்சம் இருந்ததில் ஒன்றை எடுத்து இடது சுண்டுவிரலில் விட்டார். அங்கே இன்னும் கூசியது. அது ஒன்றுதான் அவருக்கு அப்போது வேண்டியிருந்தது.

பதினைந்தாம் நாள் எலுமிச்சையில் யாரும் இல்லை.

காரணம் என்று ஒன்று வேண்டும். கீழ்வீட்டில் இருப்பவர் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர்; தெரு முழுக்க அவரை மீட்டர்காரர் என்பார்கள். கொசு என்றால் அவருக்கு ஆகாது. சாயங்காலம் ஆனால் ஒரு புட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி மருந்தடிப்பார். மாஸ்டர் படியிறங்கிப் போனார்.

"நீங்க அடிக்கற மருந்துல எங்க வீட்டுப் புழு எல்லாம் செத்துப்போச்சு."

மீட்டர்காரர் செய்தித்தாளை மடித்தார். "புழு செத்துப்போச்சுன்னு சண்டைக்கு வர்ற முதல் ஆள் நீங்கதான். மத்தவங்க சாகலைன்னு வருவாங்க."

"விளையாட்டு இல்ல. முப்பத்தொண்ணு."

"எல்லாமேவா?"

"எலுமிச்சையில எல்லாமே. அரளியில ஒன்பது இருக்கு."

"இருக்கா! ஏங்க மாஸ்டர், என் மருந்து உங்க எலுமிச்சையை மட்டும் வீட்டு நம்பர் பாத்துப் போச்சா? அரளித் தொட்டி எங்க இருக்கு?"

"பக்கத்துலதான்."

"எவ்வளவு பக்கத்துல?"

"ஒரு அடி."

"அப்ப அந்த ஒன்பதும் என்ன, மூச்சடக்கிக்கிட்டு இருந்துச்சா? போங்க, போய் வேற ஆளைப் பிடிங்க."

மாஸ்டர் மாடிக்குத் திரும்பினார். அரளித் தொட்டிகளை அன்றுதான் முதல்முறையாக உற்றுப் பார்த்தார். ஆறு புழுக்கள் கறுப்புக் கொம்புகளை ஆட்டிக்கொண்டு விஷ இலையைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன. மூன்று ஏற்கெனவே கூடாகி இலைக்கடியில் தொங்கின. வெள்ளியில் வார்த்து மெருகேற்றியதுபோல அப்படி ஒரு பளபளப்பு. மெருகு விஷயத்தில் அவர் யாரையும் சுலபமாகப் பாராட்டுபவர் இல்லை. இதில் குறை சொல்ல முடியவில்லை. ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாம் என்று கை நீண்டது. அரளியைத் தொடாதே என்று மனைவி சொன்னது நினைவுக்கு வந்து, கை பாதியில் நின்றது.

பாதியில் நின்ற அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷச்செடியில் இருந்தவை பிழைத்தன, அவர் தொடவில்லை. நல்ல செடியில் இருந்தவை செத்தன, அவர் தினமும் தொட்டார். ஒரு செட்டு ஏன் வாயில் உட்காரவில்லை என்று கண்டுபிடிப்பதைவிட இது சுலபமான கணக்கு. துணியில் துடைத்தால் போகக்கூடியது இல்லை போலிருக்கிறது அந்தத் திரவம். புழுவுக்குத் தோல் மெல்லியது, பதினைந்து நாள் பிடித்தது. அவருக்குத் தோல் தடித்தது, முப்பது வருஷம் பிடித்தது.

தெரிந்துகொண்ட பிறகு அவர் செய்தது ஒன்றுதான். கீழே போய் அன்றைய மாவைப் பிசைந்தார். வெறும் கையால்.

பதினெட்டாம் நாள் காலையில் மனைவி வந்தார். பையைக் கூடத்தில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மாடிக்கு ஏறினார். மாஸ்டர் பின்னாலேயே போனார். ஆறு எலுமிச்சைத் தொட்டிகளையும் இலை இலையாகத் திருப்பிப் பார்த்தார் அந்த அம்மாள். மூன்றாவது தொட்டியின் மண்ணிலிருந்து கறுப்பாகச் சுருங்கிய ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்காங்கன்னீங்க."

"முந்தாநாள்வரைக்கும்..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார். மிச்சத்தை மனைவியே முடித்துக்கொடுத்தார்.

"கீழ்வீட்டு மனுஷன்தானே? சொல்லுங்க. மருந்தடிச்சாரா?"

எவ்வளவு வசதியான கேள்வி. தலையை ஆட்டினால் போதும். விரல் விஷயம் விரலோடு இருக்கும், நாளைக்கு டப்பா வரும், காலையில் எழுந்து போவதற்கு ஓர் அறை இருக்கும். மாஸ்டர் தலையை ஆட்டவில்லை. ஆட்டாமலும் இருக்கவில்லை. நடுவாந்திரமாக ஏதோ செய்தார்.

"நாலு வருஷமா சொல்றேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அடிங்க, தொட்டிப் பக்கம் அடிக்காதீங்கன்னு. மனுஷனா அவரு?" அந்த அம்மாள் செத்த புழுவைக் கையில் பொத்திக்கொண்டு படியை நோக்கி நடந்தார். "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

"நில்லு."

"நீங்க வர வேணாம். உங்களுக்குச் சண்டை போடத் தெரியாது."

"அவரில்ல."

"பின்ன யாரு?"

மாஸ்டர் கையை நீட்டினார். பிச்சை கேட்பதுபோல இருந்தது அது. "இது."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. மாஸ்டர் சொன்னார். சொல்லிப் பழக்கமில்லாததால் பின்னாலிருந்து முன்னால் சொன்னார்: புழு விரலில் நடந்தது, அதற்கு முன்னால் மாவு, அதற்கு முன்னால் பஞ்சு, அதற்கு முன்னால் மரத்தது. பதினான்கு மாதம். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. யாரோ மூன்றாம் மனிதரின் கையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பிரஷ் குடுத்துட்டுப் போனேனே."

"பிரஷ்ல எடுத்தா எங்க கூசுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த அம்மாள் அவர் கையை இழுத்து மூக்கருகே வைத்து, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்த நாத்தம் உங்களுக்குத் தெரியலையா?"

"எந்த நாத்தம்?"

"கண்ணை மூடுங்க" என்றார் அந்த அம்மாள். மூடினார். "நான் அமுக்கறப்ப எந்த விரல்னு சொல்லுங்க."

மாஸ்டர் காத்திருந்தார். பக்கத்து மாடியில் யாரோ துணி உதறும் சத்தம் கேட்டது. கீழே மீட்டர்காரர் வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"ஆரம்பி" என்றார் மாஸ்டர்.

"முடிஞ்சிருச்சுங்க."

கண்ணைத் திறந்தார். மரத்த விரல்நுனிகளில் நகம் பதிந்த தடம் வரிசையாக இருந்தது. அந்த அம்மாள் கவிழ்த்துவைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். செத்த புழு இன்னும் ஒரு கையில் இருந்தது. எதற்காக அழுகிறாய், விரலுக்கா புழுவுக்கா என்று மாஸ்டர் கேட்கவில்லை. இருபத்தேழு வருஷ இல்லறத்தில் எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

மாஸ்டரே போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர்! கீழ்செட்டு ஆயிடுச்சா? பேஷன்ட் ஒரு வாரமா கஞ்சியிலேயே ஓட்டறார்."

"ஆகலை. என் விரல்ல உணர்ச்சி இல்லம்மா. அஞ்சு விரல்ல. இன்னிக்கு நேத்து இல்ல, பதினாலு மாசம்."

மறுமுனையில் ஏதோ கருவி டிரேயில் வைக்கப்படும் ஓசை. "பதினாலு மாசமா? உங்க செட்டுலதான் புண்ணே வரதில்லைன்னு நான் எல்லார்கிட்டயும் பெருமையடிச்சிட்டு இருக்கேன்."

"ஆமா."

"கையுறை போட்டீங்களா?"

"இல்ல."

"போட்டிருந்தாலும் சாதாக் கையுறையில அது ஊடுருவிடும், அதுக்குன்னு தனியா இருக்கு. சரி, கேளுங்க. இன்னியோட அந்தப் புட்டியைத் திறக்காதீங்க. நரம்பு டாக்டருக்கு லெட்டர் தரேன், நாளைக்குப் பத்து மணிக்குப் போய்ப் பாருங்க. வார்க்கற வேலையை வேற இடத்துக்கு அனுப்பிடறேன். நீங்க மெழுகுல பல்லு அடுக்கி மட்டும் குடுங்க. அதுக்குக் கண்ணுதான வேணும்?"

"விரல் திரும்ப வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். தொடறதை நிறுத்தினா மேல போகாது, அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. பதினான்கு மாதம் பொத்திவைத்த விஷயம், அதிலும் முதல் பேச்சு ஒரு கீழ்செட்டைப் பற்றியதாகவே போய்விட்டது. ஈறு இனி வேறு யாருடையதோ. பல் மட்டும் இவருடையது. பாதி ஆளாகிவிட்டோம் என்று மாஸ்டர் நினைத்துப் பார்த்தார். நினைப்பு வந்ததே தவிர அதோடு வர வேண்டிய எதுவும் வரவில்லை. நிம்மதியாவது வரலாம் என்று இன்னும் கொஞ்சம் நின்றார். பசித்தது.

"என்ன சொன்னாங்க?" அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பல்லு அடுக்கலாம். ஈறு வேற ஆளு. நாளைக்கு நரம்பு டாக்டர்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து."

"நானும் வரேன். இன்னும் ஒரு நாள் லீவு போட்டுக்கறேன்."

"எதுக்கு? நடந்து போற தூரம்தான். நானே போயிட்டு வந்துடுவேன்."

"போவீங்க" என்றார் அந்த அம்மாள், வாளியைவிட்டு எழுந்து. "போய், அஞ்சு விரலை மூணு விரல்னு சொல்லிட்டு வருவீங்க."